பேர் வெட்டாத தூக்குவாளி

சசிரேகா பயந்தாங்கொள்ளி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு, ஒரு விளையாட்டுக்குப் போய் இத்தனை நடுக்கமா என்று யாராவது உதட்டைப் பிதுக்குவீர்கள். மழைக்காலத்தில் சமையலறைக்குள் நல்ல பாம்பு வந்தபோது மாமியார் இந்திராணி கட்டில் மேல் ஏறிக்கொண்டு ஊரைக் கூட்டினாள். முறத்தை முன்னால் பிடித்துத் துடைப்பத்தால் தட்டித் தட்டி அதை வாசலுக்கு வெளியே அனுப்பி வைத்தவள் சசிரேகாதான். அப்பேர்ப்பட்டவள் அந்த ஆடி மாதத்தில் பால்காரர் மணியடித்தால்கூட விதிர்விதிர்த்துப் போனாள்.

அவளுக்கு வேலை, ஆட்டக்காரர்களின் புகாரைக் கேட்பது. கபடி, கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் இல்லை. ஃபோனிலும் கம்ப்யூட்டரிலும் 'கோட்டைவாசல்' என்று ஒரு ஆட்டம் இருக்கிறது. உள்ளே போகிறவன் தனக்கு ஒரு பெயரும் வேஷமும் வைத்துக்கொண்டு காட்டிலும் மலையிலும் திரிய வேண்டும். அரக்கனை வெட்டினால் அனுபவப் புள்ளி கிடைக்கும். எக்ஸ்பி என்பார்கள். அது சேரச் சேர லெவல் ஏறும். லெவல் ஏற ஏறக் கோட்டைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். ஏறுகிற வரைக்கும் எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருப்பார்கள். ஒரு புள்ளி குறைந்துவிட்டால் போதும், சசிரேகாவுக்குப் புகார் வந்துவிடும்.

ரெட்டை எக்ஸ்பி நேரத்தில் எங்கள் ஊரில் கரண்ட் போய்விட்டது, அந்தப் புள்ளியைத் திருப்பிக் கொடு என்று ஒருத்தன் எழுதுவான். என் தம்பி ஃபோனை எடுத்து ஆடி, என் வீரனைச் சாகடித்துவிட்டான், தம்பியைத் தண்டியுங்கள் என்று இன்னொருத்தன். பெற்ற அப்பனிடம் ஒரு வாரத்துக்கு நாலு வார்த்தை பேசாத பிள்ளைகள் இவளுக்குப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். காவாந்தண்டலம் மேட்டுத் தெருவில், நெல் மூட்டை அடுக்கின அறையில் ஒரு மூலையை ஒதுக்கி, தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு எல்லாருக்கும் பொறுமையாகப் பதில் சொல்வாள். அங்கே அவள் பெயர் நிலா. சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது, ஊரைச் சொல்லக் கூடாது, பின்னால் வெளிச் சத்தம் எதுவும் கேட்கக் கூடாது. இதெல்லாம் கம்பெனி விதி. சத்தமே வராத தனி அறை இருக்கிறது என்று வேலைக்குச் சேரும்போது அவள் உறுதி சொல்லியிருந்தாள்.

அந்த வேலை அவளுக்கு லேசில் கிடைத்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் வேனில் போய் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அது நின்றுபோயிற்று. புருஷன் தினகரன் ஷிப்டுக்குப் போய் ஷிப்டுக்கு வருவான். வீட்டில் நடக்கிற எதிலும் அவனுக்கு ஒரு அபிப்பிராயம் கிடையாது. மாமனார் எத்திராஜ்தான், படிச்ச பொண்ணை அடுப்படியில் பூட்டி வைக்க நான் என்ன மடையனா என்று கேட்டு, நெட்டு கேபிளைத் தன் செலவில் இழுத்துக் கொடுத்தார். மருமகள் கம்ப்யூட்டரில் யாருடனோ பேசுகிறாள், அதற்குச் சம்பளமும் வருகிறது என்பது அவருக்கு ஓயாத அதிசயம். டீக்கடையில் அதைச் சொல்லாத நாளில்லை.

வினையும் அந்தப் பெருமையிலிருந்துதான் வந்தது.

கோட்டைவாசலில் சோர்வு விதி என்று ஒன்று உண்டு. தொடர்ந்து ஆடிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் புள்ளி பாதியாகும், பிறகு வரவே வராது. தூங்கி எழுந்து வந்தால் மறுபடி முழுசாக வரும். பிள்ளைகள் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கக் கூடாது என்று வைத்த விதி. அதை ஏமாற்ற, தான் தூங்கும்போதும் தன் வீரன் அரக்கனை வெட்டிக்கொண்டிருக்கும்படி சில பேர் திருட்டு சாஃப்ட்வேர் போட்டு வைப்பார்கள். கம்பெனி ஒருநாள் எல்லாரையும் மொத்தமாகப் பிடித்து, அப்படிச் சேர்த்த புள்ளியை எல்லாம் வழித்து எடுத்துவிட்டது. எமகண்டன் என்று பேர் வைத்துக்கொண்டிருந்த ஒரு ஆட்டக்காரன் உச்சாணியிலிருந்து ஒரே ராத்திரியில் தரைக்கு வந்தான். அவன் புகார் சசிரேகாவின் பங்குக்கு வந்தது. பெரிய ஆட்டக்காரர்களுக்கு எழுதினால் போதாது, கூப்பிட்டுப் பேச வேண்டும். கூப்பிட்டாள்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு அது பழக்கம். மூணு வருஷம், நிலா, மூணு வருஷம் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் விதியை விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் தெருக்கோடியில் மைக் செட் சுகுமார் ஸ்விட்சைப் போட்டான். ஆடி பிறந்துவிட்டது, கெங்கையம்மனுக்குக் கூழ் ஊற்ற வேண்டும், உபயம் கொடுத்தவர்கள் பெயரை வாசிக்க வேண்டும். அந்த வருஷம் குழாய் ஸ்பீக்கரைக் கட்டியிருந்தது இவர்கள் வீட்டு எதிர்க் கம்பத்தில். அவள் கை மியூட் பட்டனைத் தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கேழ்வரகு மூட்டை உபயம், காவாந்தண்டலம் மேட்டுத் தெரு எத்திராஜ் அவர்களின் மருமகள், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் திருமதி சசிரேகா தினகரன் அவர்கள். ஆடி மூன்றாம் ஞாயிறு அன்னவர் திருக்கரத்தால் கூழ் வார்க்கப்படும். அனைவரும் வருக.

எத்திராஜ் அவளுக்கே தெரியாமல் அவள் பேரில் மூட்டை வாங்கிக் கொடுத்திருந்தார். மருமகள் பேரை ஊர் கேட்க வேண்டும் என்று ஆசை. கம்ப்யூட்டர் விஷயத்தையும் எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொன்னவர் அவரேதான்.

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று சசிரேகா நினைத்தாள். அப்படிப் போயிருக்கக் கூடாதா என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்தாள்.

"சரிங்க, சசிரேகா. கூழ் ஊத்துற அன்னைக்குப் பாக்கலாம்," என்றான் அவன்.

அங்கேதான் அவள் ஒரு முட்டாள்தனம் செய்தாள். ஆட்டக்காரர்களைச் சமாதானப்படுத்த நல்லெண்ணப் புள்ளி என்று கொஞ்சம் கொடுக்க அவளுக்கு அதிகாரம் உண்டு. அதைத் தூக்கி அவனுக்குக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டு தொலையட்டும் என்று. தெரு நாய்க்குப் பயந்து ரொட்டியைப் போட்டால் அது போய்விடுமா? அன்று சாயங்காலமே புகார் வந்தது. இவ்வளவுதானா சசிரேகா, மீதி எப்போது என்று கேட்டிருந்தான்.

அதற்குப் பிறகு தினமும் வந்தது. ஒருநாள் காஞ்சிபுரத்திலிருந்து காவாந்தண்டலத்துக்கு எந்த பஸ் என்று கேட்டான். ஒருநாள் மேப்பில் எடுத்த படம் ஒன்றை அனுப்பி, தண்ணீர் டேங்குக்கு அடுத்த மஞ்சள் வீடா என்று கேட்டிருந்தான். மஞ்சள் வீடுதான். அவள் ஒவ்வொரு புகாரையும் 'தீர்ந்தது' என்று மூடினாள், அவன் உடனே திறந்தான். திரும்பத் திரும்பத் திறக்கிற புகார் தானாக மேலாளர் பிரேம்நாத்துக்குப் போய்விடும். பிரேம்நாத் அந்த ஃபோன் பேச்சின் பதிவைக் கேட்டால் மைக் செட் கேட்கும், வேலை போகும். அதனால் மூடாமல் பதில் எழுதிக்கொண்டே இருந்தாள். விசாரித்து வருகிறோம், பொறுமைக்கு நன்றி. கொலை மிரட்டலுக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண்.

வீட்டில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். தினகரன், தலைவலி பிடிச்ச வேலை எதுக்கு, விட்டுடு என்பான். மாமியார், யாரோ ஒரு ஆம்பளை உன் பேரைச் சொல்லித் தேடினு வர்றான்னு வெளியே தெரிஞ்சா நம்மளத்தான் காறித் துப்புவாங்க என்பாள். அந்தத் தெருவில் முன்பின் தெரியாதவன் ஒருத்தன் வண்டியை நிறுத்தி, சசிரேகா வீடு எது என்று கேட்டால் போதும், மற்றதைத் தெருவே எழுதிக்கொள்ளும். அவன் வருவது ஒரு பயம், வந்து கேட்பது அதைவிடப் பெரிய பயம். தண்ணீர் பிடிக்கப் போகும்போது தெருமுனையில் வண்டி நின்றால் குடத்தோடு திரும்பி வந்தாள். துணி காயப்போட மாடிக்குப் போவதை விட்டாள். என்ன கண்ணு, உடம்பு சரியில்லையா என்று மாமனார் கேட்டதற்கு, வெயில் மாமா என்றாள். ஆடிக் காற்று அப்போது பந்தலைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் ஞாயிறும் வந்தது. உபயம் கொடுத்தவர் தன் கையால் ஊற்ற வேண்டும், அதுதான் முறை. தலைவலி என்று சொல்லிப் பார்த்தாள். அம்மன் காரியத்துக்குத் தலைவலி சொல்லாதே என்று இந்திராணி பச்சைப் புடவையைக் கட்டிவிட்டுக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அண்டா முன்னால் நிறுத்தி, கையில் அகப்பையைக் கொடுத்தார்கள். எதிரே பெரிய வரிசை. சுற்றுவட்டாரம் எல்லாம் கூழுக்கு வரும், யாரையும் யாரென்று கேட்கிற வழக்கம் இல்லை. பாத்திரத்தை நீட்டினால் ஊற்ற வேண்டியதுதான்.

முகங்களைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். முடியவில்லை. நிமிர்ந்தால் அவன் கண்ணில் படுவோமோ என்று தலையைக் குனிந்தபடியே ஊற்றினாள். கைகளும் பாத்திரங்களும்தான் தெரிந்தன. குண்டான், சொம்பு, தூக்குவாளி. நம் ஊர் எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டாமல் இருப்பார்களா? தா. வளர்மதி. அம்முலு. ராணியம்மாள், கீழத் தெரு. செத்துப்போன மாமியாரின் பேரோடு ஒரு சொம்பு. அந்தப் பேர்களைப் படித்துக்கொண்டே போனதில் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீரானது. எல்லாம் தெரிந்த பேர். இடையில் ஒன்று பேரே இல்லாமல் வந்தது. பளபளவென்று புதுத் தூக்குவாளி, மூடியில் கடை ஸ்டிக்கர்கூட கிழிக்கவில்லை. யார் வீட்டுக்கோ காஞ்சிபுரத்திலிருந்து விருந்தாட வந்த ஒரம்பரை போலும் என்று நினைத்து இரண்டு அகப்பை ஊற்றினாள். வரிசை நகர்ந்தது. கடைசியில் மாமியார் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு உப்பு போதவில்லை என்று கரித்துக் கொட்டினாள். அந்தத் திட்டு அவளுக்கு அமிர்தமாக இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. சும்மா மிரட்டியிருக்கிறான் கடன்காரன் என்று அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை ஹெட்செட்டை மாட்டியதும் முதல் புகார் அவனுடையது.

'கூழ் குடித்தேன். உப்பு கம்மி. பச்சைப் புடவை நன்றாக இருந்தது. நிமிர்ந்து பார்க்கவே மாட்டேன் என்கிறீர்களே. என் எக்ஸ்பி எப்போது வரும்? அடுத்த ஞாயிறு கீழத் தெருவிலும் ஊற்றுகிறார்களாமே, அங்கேயும் நீங்கள்தானா?'

சசிரேகா அதைப் படித்தாள், மறுபடி படித்தாள். கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருக்கிறான். இவள் ஊற்றியிருக்கிறாள். பின்கட்டுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். இந்திராணி ஓடி வந்து தலையைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒரு நம்பிக்கையோடு, எத்தனை நாளாகிறது என்று கேட்டாள். அதைக் கேட்டதும்தான் சசிரேகாவுக்கு அழுகை உடைந்தது. அதெல்லாம் இல்ல அத்தை என்று அங்கேயே, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வயலிலிருந்து அப்போதுதான் வந்த எத்திராஜ் மண்வெட்டியை இறக்காமல் நின்று கேட்டார்.

எக்ஸ்பி அவருக்குப் புரியவில்லை. எமகண்டனும் புரியவில்லை. ஆனால் மைக் செட் புரிந்தது.

"அப்போ நாந்தான் உன்ன காட்டிக் குடுத்துட்டேனா கண்ணு?" என்றார். இல்லை மாமா என்று அவள் சொல்லவில்லை. பொய் சொல்லி ஆறுதல் சொல்கிற தெம்பு அன்று அவளிடம் இல்லை. அவர் மண்வெட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு வெகுநேரம் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார்.

மாமியார், சசிரேகா எதிர்பார்த்ததையே சொன்னாள். வெளியே மூச்சு விடக் கூடாது, வேலையை விட்டுவிட்டு, அடுத்த ஞாயிறுக்குள் அம்மா வீட்டுக்குப் போய்விடு என்றாள். தினகரனும் ஃபோனில் அதையேதான் சொன்னான். பிரேம்நாத்தையும் சசிரேகாவே கூப்பிட்டுச் சொன்னாள். அவன் பதிவைக் கேட்டான். தனி ரூம் என்றீர்களே என்றான். எமகண்டனின் கணக்கைப் பூட்டி வைக்கிறேன், விசாரணை முடிகிறவரை நீங்களும் லாகின் செய்யாதீர்கள் என்றான். மாமனார் வண்டியில் ஏற்றிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனார். அங்கிருந்த போலீஸ் அம்மா நல்லவள்தான், உட்கார வைத்துக் கேட்டாள். அவன் கேட்பது பணமா என்றாள். இல்லை, புள்ளி என்றாள் இவள். கூழ் நல்லாயில்லை என்று சொன்னதைத் தவிர வேறு என்ன செய்தான் என்று கேட்டு, எழுதிக்கொண்டு ஒரு ரசீதைக் கொடுத்தாள்.

"விசாரிச்சிட்டு சொல்றோம்மா. கொஞ்சம் பொறுமையா இரு," என்றாள்.

சசிரேகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவளுடைய வாக்கியம். தினம் எத்தனை பேருக்கு அதை எழுதியிருப்பாள்! வண்டியில் திரும்பும்போது பின்னால் வந்த ஒவ்வொரு ஹெட்லைட்டையும் பார்த்துக்கொண்டே வந்தாள். இனி யாரும் வந்து காப்பாற்றப்போவதில்லை என்பது சாலவாக்கம் கூட்டு ரோட்டைத் தாண்டும்போது அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. அம்மா வீட்டுக்குப் போனால் அங்கே ஒரு மைக் செட் இருக்காதா? எத்தனை ஊர் மாறுவது?

அடுத்த ஞாயிறு அவள் அதே பச்சைப் புடவையைக் கட்டினாள். இந்திராணி வாயைத் திறப்பதற்குள் கீழத் தெருவுக்கு நடந்தாள், எத்திராஜ் பின்னாலேயே ஓடினார். கோயில் வாசலில் வரிசை நின்றுகொண்டிருந்தது. அண்டா பக்கம் போகாமல் நேரே சுகுமாரிடம் போய், மைக்கைக் கொடு என்றாள். அவன் எத்திராஜைப் பார்த்தான். குடுடா என்றார் எத்திராஜ்.

மைக்கை வாங்கி வாயருகே பிடித்தாள். ஊரே திரும்பிப் பார்த்தது.

"என் பேரு சசிரேகா. இந்த மைக்குலதான் என் பேர சொன்னாங்க. அத கேட்டுக்கினு முன்னபின்ன தெரியாத ஒரு ஆளு தினம் என்னை மிரட்டிக்கினு கீறான். போன வாரம் என் கையாலயே கூழு வாங்கிக் குடிச்சிட்டு, உப்பு கம்மின்னு எழுதிகிறான். இன்னிக்கும் வர்றேன்னு சொல்லிகிறான். இன்னா வேணுமோ இங்க எல்லார் முன்னாடியும் வந்து கேக்கட்டும். நீங்கள்லாம் அவங்கவங்க பாத்திரத்த தூக்கிக் காட்டுங்க. பேரு தெரியட்டும்."

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு ராணியம்மாள் தன் குண்டானைத் தலைக்கு மேலே தூக்கினாள். பக்கத்தில் அம்முலு சொம்பைத் தூக்கினாள். முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒவ்வொரு கையாக எழுந்தது. வெயிலில் அத்தனை பாத்திரமும் பளீரென்று கண்ணைக் குத்தியது. ஒருத்தர் பாத்திரத்தை ஒருத்தர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். அந்த அமைதியில் வேப்ப மரத்துக்குப் பின்னால் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. யார் யார் என்று நாலு பேர் ஓடுவதற்குள் அது ஆற்றுப் பாலத்துப் பக்கம் போய்விட்டது.

வரிசையின் கடைசியில், தரையில், ஒரு தூக்குவாளி மட்டும் நின்றுகொண்டிருந்தது. அதை யாரும் தூக்கவில்லை.

எத்திராஜ் போய் எடுத்தார். புதுசு. மூடியில் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. திறந்து பார்த்தார். போன வாரத்துக் கூழ் கழுவாமல் உள்ளே காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, அதைக் கொண்டுவந்து மருமகளிடம் காட்டி, அவள் கையிலிருந்த மைக்குக்கே குனிந்து கேட்டார்.

"யார்து இது?"

குழாய் ஸ்பீக்கர் அதை ஆற்றங்கரை வரைக்கும் கொண்டுபோனது. ராணியம்மாளும் இன்னும் சில பெண்களும் வரிசையை விட்டு வந்து சசிரேகாவைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அவள் மைக்கை விடவில்லை. அவள் கை நடுங்குவது மைக்கில் கடகடவென்று ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.